இளைப்பு வந்த பிறகும் அப்பா பீடியை விடவில்லை. அம்மா பீடி சுற்றித்தான் வீடு ஓடுகிறது

சாரல்காற்று எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் ஊர் ஆலங்குளத்துக்குப் பக்கம், தென்காசி மாவட்டம். நான் கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறேன், ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அப்பாவுக்கு 66 வயது. கொத்தனார். பதினாலு வயதில் கையாளாக வேலைக்குப் போன இடத்தில் பீடி குடிக்கப் பழகினார். ஒரு நாளைக்கு ஒரு கட்டு, அதாவது 25 பீடி. கான்கிரீட் போடுகிற நாளில் அதற்கும் மேல்.

நாலைந்து வருடமாகக் காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் இருமுவார். "பீடி குடிக்கிறவனுக்கு இருமல் வராம என்ன செய்யும்" என்பார். நாங்களும் அதை அப்படியே விட்டுவிட்டோம். போன ஐப்பசி மழையில் ஒரு நாள் ராத்திரி மேமூச்சு கீமூச்சு வாங்கி, உட்கார்ந்தபடி இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, பேச முடியாமல் ஆகிவிட்டார். 108-ஐக் கூப்பிட்டு அம்மா ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். நான் மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தபோது ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். ஆறு நாள் இருந்தோம். சீட்டில் சி.ஓ.பி.டி. என்று எழுதியிருந்தது, நுரையீரலில் காற்றுப் போகிற வழி நாள்பட அடைத்துப்போகிற நோயாம். அப்புறம் ஒரு மாதம் கழித்து நுரையீரல் பலத்தைப் பார்க்க ஊதுகிற டெஸ்ட் எடுத்ததில், இருக்க வேண்டியதில் 48 சதவீதம்தான் என்று வந்தது. டாக்டர், "பீடியை விடணும் பெரியவரே, இல்லேன்னா அடுத்த மழைக்குத் தாங்காது" என்றார். அவ்வளவுதான். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் எப்படி விடுவது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்ததும் பதினோரு நாள் அப்பா பீடியைத் தொடவில்லை. பன்னிரண்டாம் நாள் தொழுவத்துக்குப் பின்னால் புகை தெரிந்ததாக அம்மா போனில் அழுதாள்.

நான் லீவு போட்டுப் போய்ச் சட்டைப் பையைச் சோதித்தேன். தீப்பெட்டியைத் தண்ணீரில் போட்டேன். முக்குக் கடையில் போய் எங்க அப்பாவுக்குப் பீடி கொடுக்காதீங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஊருக்குள் தலை காட்ட முடியாமல் பண்ணிவிட்டாயே என்றார். அப்புறம்தான் செய்யக் கூடாததைச் செய்தேன். என் மகனுக்கு எட்டு வயது. அவனைக் கூட்டிக்கொண்டு போய், அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். அப்பா கை நடுங்க வைத்தார். அன்று சாயங்காலமே குடித்தார். பையன் பார்த்துவிட்டான். ராத்திரி பஸ்ஸில் வரும்போது கேட்டான்: "அம்மா, தாத்தா சத்தியத்தை மீறிட்டாரே, எனக்கு ஏதாச்சும் ஆயிருமா?"

திருப்பூர் வந்து சேரும்வரை எனக்குத் தூக்கமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா பீடி சுற்றுகிறவள். முப்பத்தைந்து வருடமாக. ஒரு நாளைக்கு அறுநூறு, எழுநூறு பீடி. நானும் தம்பியும் படித்தது, என் கல்யாணத்துக்கு எடுத்த நகை, எல்லாம் அந்தப் பீடித்தட்டில் இருந்து வந்ததுதான். மிச்சம் விழுகிற தூளில் அப்பாவுக்கென்று தனியாகக் கொஞ்சம் சுற்றி வைப்பாள். அது அவளுக்கு அவர்மேல் இருந்த பாசம். இப்போது, "என் கையால சுத்திக் குடுத்தே கொன்னுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். நான் கண்டித்தால் அப்பா கேட்கிறார், "உங்கம்மா சுத்துனா குத்தமில்ல, நான் குடிச்சா மட்டும் குத்தமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. வீடு முழுக்க அந்த வாசனைதான். இலை வெட்டுகிற சத்தம் கேட்டாலே அவருக்குக் கை போகிறது.

தம்பி, "விடுக்கா, ஐம்பது வருஷம் குடிச்சவரு, இனி விட்டு என்ன ஆகப் போகுது, ஆசைக்குக் குடிச்சிட்டுப் போகட்டும்" என்கிறான்.

நான் கண்டிப்பாக இருக்க வேண்டுமா, கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டுமா? மருந்து ஏதாவது உண்டா? இந்த வயதில் விட்டால் உண்மையிலேயே பலன் இருக்கிறதா? பட்டவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

சகோதரி, நான் ஆண்டிபட்டிக்காரன். எங்க அப்பா மில்லில் வேலை பார்த்தவர், நாற்பத்தைந்து வருடம் சிகரெட். இதே நோய்தான். மூன்றாவது முயற்சியில் விட்டார். விட்டபின் மூன்றரை வருடம் இருந்தார், போன வருடம் போய்விட்டார். அந்த மூன்றரை வருடத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தது ஒரே தடவை. அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் ஐந்து தடவை. உங்கள் தம்பியிடம் இதை மட்டும் சொல்லுங்கள்.

நானும் உங்களைப் போலத்தான் பையைச் சோதித்தேன். அதில் ஒன்றே ஒன்றுதான் நடந்தது: அவர் ஒளிக்கக் கற்றுக்கொண்டார். மோட்டார் ரூம் கூரையில், செருப்புப் பெட்டியில். ஒளித்துக் குடிக்கிறவர் அவசரமாக, ஆழமாக இழுப்பார். அதுதான் இன்னும் கெடுதல்.

மாறியது எப்படி என்றால், ஒரு நாள் அலுத்துப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போடாமல் கேட்டேன்: "ஒரு நாளைக்குக் குடிக்கிறதுல எது இல்லேன்னா முடியவே முடியாது?" அவர் யோசித்துச் சொன்னார். காலை டீயோடு ஒன்று. அதை முடித்தால்தான் வெளிக்குப் போக வரும், அதற்கு ஒன்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. ராத்திரி கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒன்று. "மத்ததெல்லாம் கை சும்மா இருக்கேன்னு பத்த வைக்கிறது." இருபது சிகரெட்டில் அவர் விரும்பிக் குடித்தது நாலுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏற்பாடு பண்ணினோம். காலை டீயை நிறுத்திவிட்டுக் கம்பங்கூழ். மலச்சிக்கல் பெரிய விஷயம், யாரும் வெளியே சொல்வதில்லை. சிகரெட்டை விட்டால் குடல் மந்தமாகும். முதல் தடவை அவர் திரும்பப் பிடித்ததே அதனால்தான். ராத்திரி இசப்கோல், காலையில் வெந்நீர், ஒரு வாழைப்பழம், அதில் சரியானது. சாப்பாட்டுக்குப் பிறகு தெருமுனை வரை நானும் கூட நடந்தேன். விடுகிற தேதியை அவரே சொன்னார்: சித்திரைத் திருவிழா முடிந்த மறுநாள். நான் சொல்லியிருந்தால் அந்தத் தேதி நிலைத்திருக்காது.

மூன்றாம் நாள் டம்ளரைத் தூக்கி எறிந்தார். அம்மாவைப் பேசக் கூடாத வார்த்தை பேசினார். அது அவர் இல்லை, உடம்பு நிகோடின் கேட்கிற கூப்பாடு. முதல் வாரம் தாண்டினால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடும். இன்னொன்று, விட்ட கொஞ்ச நாளில் இருமல் கூடியது. "குடிக்கும்போதுகூட இப்படி இருமலையே, விட்டதாலதான் வந்துச்சு" என்று மறுபடி பற்ற வைக்கப் போனார். மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளுகிற மெல்லிய முடிகள் திரும்ப வேலை செய்யத் தொடங்குவதால் வருகிற இருமல் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நின்றார். முன்கூட்டியே இதை உங்க அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

ஸ்பைரோ_ஈரோடு எழுதியது:

தங்கச்சி, நான் நெஞ்சு நோய் கிளினிக் ஒன்றில் ஊதுகிற டெஸ்ட் எடுக்கிற டெக்னீஷியன், பதினாறு வருடமாக. டாக்டர் இல்லை. ஆனால் தினமும் உங்க அப்பா மாதிரி ஐந்தாறு பேரைப் பார்க்கிறேன்.

இந்த வயதில் பலன் இருக்கிறதா என்று கேட்டீர்கள். 48 சதவீதம் என்பது நோயின் மூன்றாம் நிலை, கடுமையானது. போன நுரையீரல் திரும்பாது, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். மிச்சம் இருப்பது எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1986-இல் தொடங்கி, இந்த நோயின் ஆரம்ப நிலையில் இருந்த ஆறாயிரம் பேர் வரை பதினோரு வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். புகையை விட்ட ஆண்களுக்கு ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்று வருடத்துக்குச் சுமார் 30 மில்லி குறைந்தது. விடாதவர்களுக்கு 66 மில்லி. பாதிக்கும் மேல் வித்தியாசம். எந்த பஃப்பும் (வாயில் வைத்து இழுக்கிற மருந்து) எந்த மாத்திரையும் இந்த வேலையைச் செய்வதில்லை. முற்றிய நிலையிலும் விட்டவருக்கு இருமல் சளி குறைவதையும், மழைக்காலத்தில் படுக்கையில் விழுவது குறைவதையும் கண்ணால் பார்க்கிறேன்.

இப்போது முக்கியமானது. உங்க அப்பாவின் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். டெரிஃபிலின் அல்லது தியோஃபிலின் என்று ஏதாவது இருக்கிறதா? நம்ம ஊரில் இளைப்புக்கு இதை நிறைய எழுதுவார்கள். பீடிப் புகையில் இருக்கிற பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு இந்த மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். பீடியை நிறுத்தினால் அந்த முடுக்கம் நின்று, அதே மாத்திரை ரத்தத்தில் கூடிப்போகும். குமட்டல், கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை வரும். வீட்டில் இருப்பவர்கள் பீடியை விட்டதால் வருகிற தவிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் தாங்க முடியாமல் திரும்பக் குடிப்பார். அதனால் விடப் போகிற தேதியை டாக்டரிடம் முன்பே சொல்லி அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம். டீ, காபியும் இதே மாதிரிதான். வழக்கமாகக் குடிக்கிற நாலு டீ, விட்ட பிறகு ஆறு டீயின் வேலையைக் காட்டும். பாதியாக்குங்கள்.

மருந்து உண்டு. தோலில் ஒட்டுகிற நிகோடின் பேட்ச், நிகோடின் சூயிங்கம், மாத்திரையில் வரெனிக்லின், புப்ரோபியான். வலிப்பு இருந்தவருக்குப் புப்ரோபியான் ஆகாது. வரெனிக்லினை விடுகிற தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் கொடுப்பார்கள். 2 மில்லிகிராம் சூயிங்கம் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கும், 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும். ஆனால் பல பேர் அதை மிட்டாய் மாதிரி மென்று விழுங்கி, விக்கல் எடுத்து, "இது நமக்குச் சேராது" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மெதுவாகச் சில தடவை மென்று, காரம் ஏறினதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரம் வரை வாயில் இருக்கலாம். அதற்குக் கால் மணி நேரம் முன்னால் டீ, காபி குடித்திருந்தால் வேலை செய்யாது. பல்செட் இருந்தால் ஒட்டிக்கொள்ளும், அப்படிப்பட்டவருக்குப் பேட்ச் நல்லது. எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி குடிக்கிறவர் என்றால் அடிமைத்தனம் கூட இருக்கிறது என்று அர்த்தம், பேட்சையும் கம்மையும் சேர்த்தே டாக்டர் கொடுக்கலாம். நிகோடினை மருந்தாகக் கொடுத்தால் நுரையீரல் கெட்டுவிடுமோ என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். நுரையீரலைத் தின்பது புகை. பீடிக்கு ஃபில்டர் கிடையாது, அணைந்து அணைந்து போவதால் அடிக்கடி இழுக்க வேண்டும், அதனால் உள்ளே போகிற புகையும் அதிகம்.

1800-11-2356 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். காசு கிடையாது, அரசாங்கம் நடத்துவது. 2018 முதல் புகையிலை உறைகளில் எச்சரிக்கைப் படத்தோடு இந்த எண்ணை அச்சடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தமிழில் பேசலாம். ஒரு தடவை பேசினால் அவர்களே திரும்பக் கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அப்பாவைப் பேச வையுங்கள், நீங்கள் பேசி அவரிடம் சொல்வது அதே மாதிரி ஆகாது.

அப்புறம் அம்மா. தங்கச்சி, அவரையும் ஒரு தடவை ஊத வையுங்கள். புகைக்காமலே முப்பத்தைந்து வருடம் புகையிலைத் தூளில் உட்கார்ந்தவர். தோல் வழியாகவும் நிகோடின் ஏறும். மூடிய அறைக்குள் சுற்ற வேண்டாம், காற்றோட்டமான இடத்தில் உட்காரட்டும், சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். வெந்நீர் போட விறகடுப்பு இருந்தால் அதையும் அப்பாவிடமிருந்து தள்ளி வையுங்கள். கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம்.

சாரல்காற்று எழுதியது:

அக்கா, சீட்டைத் தம்பி போட்டோ எடுத்து அனுப்பினான். டெரிஃபிலின் இருக்கிறது, ஒரு நாளைக்கு இரண்டு. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அந்தப் பதினோரு நாளும் அப்பா ராத்திரி தூங்காமல், கை நடுங்குது, நெஞ்சு அடிக்குது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் பீடி நினைப்பு என்று திட்டினோம். அதுவாகத்தான் இருந்தது என்று நான் சொல்லவில்லை, ஆனால் இருந்திருக்கலாமே. படித்ததும் மனது பிசைகிறது.

குமரி_ஓட்டுநர் எழுதியது:

மகளே, எனக்கு 71 வயது. நாகர்கோவில். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டினேன். நானும் உன் அப்பா மாதிரி ஆள்தான், அதனால் அவர் பக்கம் இருந்து எழுதுகிறேன். டைப் அடிப்பது பேரன். 63 வயதில் விட்டேன்.

பொய் சொல்கிறார் என்று உனக்குக் கோபம். நான் என் மகளிடம் நூறு பொய் சொல்லியிருப்பேன். அவளை ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. என்னால் முடியவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கம். வீட்டையே தாங்கியவன், ஒரு துண்டு இலையிடம் தோற்றுப் போனேன் என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? நீ கடைக்காரனிடம் போய்ச் சொன்னாய் பார், அது அவருக்கு முதுகில் அடி. அந்த முக்கில்தான் அவர் நாற்பது வருடம் மேஸ்திரி என்று பெயர் எடுத்து நின்றிருப்பார்.

ஆனால் நீ விட்டுவிடாதே. என் மகள் ஒரு தடவை மூன்று மாதம் என்னிடம் பீடியைப் பற்றி வாயே திறக்கவில்லை. கைகழுவிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மூன்று மாதம்தான் அதிகமாகக் குடித்தேன்.

ஆசை எழும்பினால் அது நாலைந்து நிமிடம்தான் நிற்கும். கோட்டாறில் வண்டியை எடுத்து இரண்டு நிறுத்தம் தாண்டுகிற நேரம். நான் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் அந்த இரண்டு நிறுத்தத்தையும் ஓட்டுவேன். கியர் மாற்றுவேன், ஆள் இறக்குவேன், விசில் கேட்டுக் கிளம்புவேன். முடிக்கும்போது ஆசை அடங்கியிருக்கும். உன் அப்பா கொத்தனார். அவரிடம் ஒரு சுவரை மனதுக்குள் கட்டச் சொல். கல் வைத்து, சாந்து போட்டு, ரசமட்டம் பார்த்து. எனக்கு இது உதவியது.

விட்ட நாற்பதாம் நாள் கூட்டாளி ஒருவனின் இழவு வீட்டில் ஒன்று குடித்துவிட்டேன். மகளிடம் போய் நானே சொன்னேன். "சரிப்பா, நாளைக்கு?" என்று மட்டும் கேட்டாள். "நாளைக்கு இல்ல" என்றேன். திட்டியிருந்தால் அன்றே ஒரு கட்டு வாங்கியிருப்பேன்.

கடைசியாக அந்தச் சத்தியம். அதை அவர் தலையில் இருந்து இறக்கிவிடு மகளே. பேரன் தலையில் கை வைத்து மீறிய நாளில் இருந்து அந்த மனுஷன் எந்தச் சாமி முன்னாலும் நிமிர்ந்து நின்றிருக்க மாட்டார். அந்தப் பாரத்தை ஆற்றுவதற்கும் பீடியைத்தான் தேடுவார். நீ கேட்டு வாங்கியது, நீதான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சாரல்காற்று எழுதியது (ஏழு வாரம் கழித்து):

எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓட்டுநர் ஐயாவின் பதிவைப் படித்த அந்த வாரமே பையனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "அப்பா, அன்னைக்கு இவன் தலையில கை வைக்கச் சொன்னது என் தப்பு. அந்தச் சத்தியம் இனி இல்ல. நீங்க எதையும் மீறல" என்றேன். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. பையனை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவனிடம், "தாத்தா உன்ன பயமுறுத்திட்டேனாடே?" என்று கேட்டார். இவன், "இல்ல தாத்தா, நேத்து எனக்குக் கணக்குல நூறு" என்றான். அப்பா அழுது நான் பார்த்தது என் கல்யாணத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

அன்று ராத்திரி வைகைக்கரை அண்ணன் சொன்ன கேள்வியைக் கேட்டேன். அப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்து ஆறு சொன்னார். மற்ற பத்தொன்பதையும் எதற்குக் குடிக்கிறேன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

மார்கழி பிறக்கட்டும் என்று தேதி சொன்னது அவர்தான். அதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்தோம். இந்தத் தடவை தேதியையும் டெரிஃபிலினையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு பஃப் எழுதினார், பேட்ச் கொடுத்தார். பஃப் இழுக்கிற விதத்தையும் காட்டினார்கள். இத்தனை நாளும் அப்பா தொண்டையில் அடித்துக்கொண்டு, மருந்து வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது.

இலவச எண்ணில் பேச முதலில் மாட்டேன் என்றார். ஸ்பீக்கரில் போட்டதும் அந்தப் பக்கம் இருந்த பையன், "ஐயா, முதல் பீடி எத்தனை வயசுல?" என்று கேட்டான். அப்பா பாவூர்சத்திரத்தில் வேலை பார்த்த கதையில் தொடங்கிவிட்டார். இருபது நிமிடம் பேசினார். எங்கள் யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அம்மா வேலையை நிறுத்த முடியவில்லை. அந்த வருமானம் இல்லாமல் வீடு நடக்காது, நான் அனுப்புகிறேன் என்றாலும் அவளுக்குச் சம்மதமில்லை. ஆனால் பீடித்தட்டு வீட்டைவிட்டு வெளியே போய்விட்டது. நாலு வீடு தள்ளி ஒரு பெரியம்மா வீட்டுத் தாழ்வாரத்தில், காற்று வருகிற இடத்தில், நாலு பேராக உட்கார்ந்து சுற்றுகிறார்கள். இலையும் தூளும் அங்கேயே இருக்கும். வீட்டுக்கு வரும்போது சேலை மாற்றிவிட்டுத்தான் அப்பா பக்கம் போகிறாள். "உங்கம்மா சுத்துனா குத்தமில்லையா" என்ற அப்பாவின் கேள்விக்கு அவளே ஒரு பதில் சொன்னாள்: "நான் சுத்துனது உங்க பிள்ளைகளுக்காக. நீங்க விடுறது எனக்காக." அப்பா அதற்கு அப்புறம் அதைக் கேட்பதில்லை. அம்மாவையும் ஊத வைத்தோம் அக்கா. இப்போதைக்கு நன்றாக இருக்கிறது என்றார்கள்.

இன்றைக்கு முப்பத்தாறாம் நாள். நடுவில் பன்னிரண்டாம் நாள் ஒன்று. சித்தப்பா வீட்டுக்குப் போன இடத்தில் யாரோ நீட்ட, வாங்கிவிட்டார். ராத்திரி அவரே போன் பண்ணிச் சொன்னார். தொண்டை வரை வந்த வார்த்தையை முழுங்கிக்கொண்டு, ஐயா மகள் கேட்டதையே கேட்டேன்: "சரிப்பா, நாளைக்கு?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நாளைக்கு இல்லட்டி" என்றார்.

மனதுக்குள் சுவர் கட்டுவது உண்மையாகவே நடக்கிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் கட்ட வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை இரண்டு தடவை கட்டி முடித்துவிட்டாராம், மூன்றாம் தடவை ஜன்னலைக் கிழக்கே மாற்றி வைத்திருக்கிறாராம். போனில் பையனிடம் அளவு சொல்லி வரையச் சொல்கிறார்.

அம்மன் கோயில் ஏற்றத்தில் முன்பு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். பொங்கலன்று இரண்டு இடத்தில் நின்றார். இருமல் இருக்கிறது, அது இருக்கும் என்று முன்பே சொல்லி வைத்ததால் பயப்படவில்லை.

அக்கா, ஒரு சந்தேகம். பேட்ச் ஒட்டுகிற இடத்தில் சிவந்து, சொறியச் சொல்கிறது என்கிறார். தினமும் தோளிலேயே ஒட்டியிருக்கிறார்கள் என்று நேற்றுத்தான் தெரிந்தது. இடம் மாற்றி மாற்றி ஒட்டினால் போதுமா, அல்லது டாக்டரிடம் காட்ட வேண்டுமா? திங்கட்கிழமை ஊருக்குப் போகிறேன்.

ஸ்பைரோ_ஈரோடு எழுதியது:

தினமும் வேறு இடம் தங்கச்சி. ரோமம் இல்லாத, உலர்ந்த தோலில், ஒரு நாள் வலது தோள், ஒரு நாள் இடது கை, ஒரு நாள் முதுகு மேல்பக்கம். ஒட்டிய இடத்தில் ஒரு வாரமாவது மறுபடி ஒட்ட வேண்டாம். லேசான சிவப்பு என்றால் அடங்கிவிடும். தடித்தோ கொப்புளமாகவோ வந்தால் எடுத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள், வேறு வழி இருக்கிறது. அதற்காக அவர் நிறுத்திவிட வேண்டாம். அப்பாவுக்கு மூன்று மாதம் ஆனதும் மறுபடி ஊத வையுங்கள்.